மச்சாள் தடுத்த பாட்டு

லண்டனின் நடுப்பகுதியில் இருக்கும் ஒரு நூலகத்தில் பழைய கையெழுத்துப் புத்தகங்களைப் படம் எடுப்பது என் வேலை. இதை எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்தி முடிப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும். "போட்டோக்கொப்பி அடிக்கிற வேலையோ, பிள்ளை?" என்று கேட்பார்கள். ஓம் என்று சொல்லிவிட்டு வடையை எடுத்துக் கடிப்பேன்.

போன மாரியில் என் கமராவுக்குக் கீழே ஒரு செத்தவீட்டுப் புத்தகம் வந்தது. அந்தப் பெயரை வைத்தவர் என் மச்சாள், அதாவது அண்ணையின் மனைவி. அறுநூறு வருடங்களுக்கு முன்னர் இங்கிலாந்தில் ஏதோ ஒரு கன்னியர் மடத்தில் எழுதப்பட்ட புத்தகம் அது. மடத்தில் ஒரு சகோதரி சாகக் கிடந்தால் மற்றவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று பாடவேண்டிய பாட்டுகள் அதில் இருந்தன. உயிர் போகும் முன்னர் பாடுவது, போகும்போது பாடுவது, உடலைக் கழுவும்போது பாடுவது, குழிக்குக் கொண்டுபோகும்போது பாடுவது என்று எல்லாவற்றுக்கும் ஒழுங்கு வைத்திருந்தார்கள்.

ஒரு கைக்குள் அடங்குகிற புத்தகம். தோலில் எழுதியது. பாட்டின் சொற்கள் கறுப்பு மையில், அவற்றுக்கு மேலே நாலு சிவப்புக் கோடு, அந்தக் கோடுகளில் சதுரம் சதுரமாகச் சுரங்கள். இடையிடையே சிவப்பு மையில் கட்டளைகள் வரும். கறுப்பைப் பாடவேண்டும், சிவப்பைச் செய்யவேண்டும். எனக்கு இலத்தீன் ஒரு சொல்லும் தெரியாது. பக்கத்து அறையில் புத்தகங்களுக்கு விவரக்குறிப்பு எழுதுகிற என் வெள்ளைக்காரச் சிநேகிதிதான் வாசித்துச் சொல்வாள். உயிர் போகும்போது பாடுகிற பக்கத்தின் கீழ்மூலை மட்டும் விரல் பட்டுப் பட்டுக் கறுத்துக் கிடந்தது. ஒரு சொட்டு மெழுகும் இருந்தது. அந்தப் புத்தகத்தை அலுமாரியில் வைத்து அழகு பார்த்தவர்கள் இல்லை, கட்டிலருகில் பிடித்துக்கொண்டு நின்றவர்கள்.

எனக்கு இதில் பெரிய புதுமை எதுவும் இருக்கவில்லை. என் அண்ணை செய்துவந்ததும் இதையேதான். ஜெர்மனியில் சில வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர், இல்ஃபோர்டில் ஒரு சின்னக் கடை நடத்தினார். ஆனால் கிழக்கு லண்டனில் அவரை எல்லோரும் அறிந்திருந்தது பாட்டுக்காக. எங்கள் சைவ ஆட்களில் ஒருவருக்கு இனி நேரமில்லை என்று டொக்டர் சொன்னால், சொந்தச் சகோதரங்களுக்கு முன்னர் அண்ணைக்குப் போன் போகும். கடையின் ஷட்டரை இழுத்துவிட்டு ஓடுவார். நெற்றியில் திருநீறு பூசி, காதருகில் குனிந்து, போகிறவருக்குப் பாடுகிற பதிகத்தை மெதுவாகப் பாடுவார். எரிக்கிற இடத்துக்குக் கரோக்கிப் பெட்டியோடு வந்து மைக் பிடித்துப் பாடுகிறவர்களைக் கண்டால் அவருக்கு விசர் ஏறும்.

டொக்டர்மார் கைவிட்ட பிறகுதானே அவரைக் கூப்பிடுவார்கள்? அதனால் அவர் பாடிக் கொஞ்ச நேரத்தில் ஆள் போய்விடுவது வழமை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. "இவர் பாடினால் ஆள் தப்பாது" என்று கதை கட்டிவிட்டார்கள். மனோர் பார்க்கில் ஒருவருக்கு வயிற்றில் சின்ன ஒப்பரேஷன் நடந்திருந்தது. அண்ணை பழகின தோஷத்துக்குத் திராட்சைப்பழப் பையோடு ஆஸ்பத்திரிக்குச் சுகம் விசாரிக்கப் போனார். கதவில் அண்ணையின் முகத்தைக் கண்டதும் அந்த மனிதர் நேர்ஸைக் கூப்பிடுகிற பொத்தானை அமத்திவிட்டார். "என்ர ரிப்போர்ட்டில என்ன கிடக்கு? எனக்கு மறைக்காதேங்கோ!" என்று கத்தினாராம். இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி அண்ணை கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பார்.

மச்சாள் சிரிக்கமாட்டார். அவர் அதை உண்மையென்று நம்பினார். அண்ணை வீட்டுக்குள் அந்தப் பதிகத்தை முணுமுணுத்தால்கூட, "வெளியில போய்ப் பாடுங்கோ" என்பார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவருக்கு அண்ணை மட்டும்தான்.

ஒருநாள் ஒரு செத்தவீட்டிலிருந்து திரும்பும் வழியில், காரை ஓட்டிக்கொண்டே அண்ணை என்னிடம் சொன்னார்: "எனக்கு நீ பாடு. வேறை ஒருத்தரும் வேண்டாம். உந்த மைக் பிடிக்கிற ஆக்களை மட்டும் கிட்ட விடாதை."

"நான் முந்திப் போனால்?"

"அப்ப நான் பாடுறன். இதென்ன பெரிய விஷயமே?"

அவ்வளவுதான் பேச்சு. அந்தப் பாட்டை நாங்கள் இருவரும் ஒரே மாதிரித்தான் பாடுவோம். எந்த அடியில் அவர் மூச்சு எடுப்பார், எந்த இடத்தில் ஒரு எழுத்தை இழுத்துக்கொண்டே போவார் என்பது எனக்குத் தெரியும். வாழ்நாளில் அண்ணை என்னிடம் கேட்ட ஒரே உதவி அதுதான்.

மாசி மாதம் அண்ணை கடையில் பால் போத்தல்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது விழுந்தார். மூளைக்குள் இரத்தம். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது வாயில் குழாய் செருகி, மெஷின் அவருக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அந்தத் தொண்டைக்குள் குழாய் கிடந்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. மச்சாள் அவருடைய காலடியில் இருந்து பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி வந்து கையைப் பிடித்தார்.

"நீ வா, இரு, உன்ர அண்ணையோட கதைச்சுக்கொண்டிரு. என்னவும் செய். ஆனா அந்தப் பாட்டு மட்டும் இந்த அறைக்குள்ள வரப்படாது."

நான் தலையாட்டினேன். அன்றைக்கு எனக்கும் அந்தப் பாட்டு வேண்டாம் என்றுதான் இருந்தது. அண்ணை கண் திறப்பார், இதையும் ஒரு பகிடிக் கதையாக்கிச் சொல்வார் என்று நானும் நினைத்தேன்.

ஒரு கிழமைக்குப் பிறகு டொக்டர் எங்கள் இருவரையும் சின்ன அறை ஒன்றில் இருத்தினார். மேசையில் கடதாசிக் கைக்குட்டைப் பெட்டி இருந்ததைக் கண்டதுமே எனக்கு விளங்கிவிட்டது. ஸ்கானைக் காட்டினார். இனி எழும்பமாட்டார், சில நாட்களில் குழாயை எடுக்கவேண்டியிருக்கும், அதன் பிறகு அவர் தானாகப் போய்விடுவார் என்று பொறுமையாகச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். மச்சாளுக்கு நல்ல இங்கிலிஷ் தெரியும், ஆனால் நான் தமிழில் சொல்லும்வரை அவர் முகம் மாறவில்லை. பிறகு என்னைப் பார்த்த பார்வையில், அந்தச் செய்தியை நானே உண்டாக்கிச் சொன்ன மாதிரி ஒரு வெறுப்பு இருந்தது.

வீட்டில் இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும் என்பதால் காலையில் வேலைக்குப் போய்விட்டுப் பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வேறு புத்தகம் ஏதாவது தா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நல்லெண்ணெய் விளக்குமாதிரி மஞ்சள் படிந்த அந்தத் தோல் பக்கங்களைத் திருப்புவதும், கமரா பொத்தானை அமத்துவதுமாக இருந்தேன். ஒரு பக்கத்தில் சிவப்பு எழுத்துகள் வழமையைவிட அதிகம் இருந்தன. சிநேகிதியைக் கூப்பிட்டேன்.

அவள் விரலைப் பக்கத்தில் படாமல் ஓட்டிக்கொண்டு வாசித்தாள். ஒரு சகோதரிக்கு இறுதி நேரம் வந்தால் பலகையில் தட்டவேண்டும். சத்தம் கேட்டதும் எல்லோரும் செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவரவேண்டும். மடத்துக்குள் ஓடுவதற்கு வேறு எப்போதும் அனுமதியில்லை, நெருப்புப் பிடித்தால் தவிர, என்று அவள் இடையில் தன் பங்குக்கும் சொன்னாள். எல்லோரும் சுற்றி நின்று பாடவேண்டும். பாடி முடிந்தும் அந்தச் சகோதரி போகவில்லையென்றால், இன்னும் கொஞ்சம் பாடவேண்டும். அப்படியும் போகவில்லையென்றால், ஒருசிலரை விட்டுவிட்டு மற்றவர்கள் தங்கள் வேலைக்குத் திரும்பலாம். பலகையில் மறுபடி தட்டினால் மறுபடி ஓடிவரவேண்டும்.

நான் அவளிடம் திரும்பக் கேட்டேன்: "பாடிய பிறகும் போகாமல் இருந்திருக்கிறார்களா?"

"நிறையப் பேர். இல்லாவிட்டால் இதை ஏன் எழுதப்போகிறார்கள்?"

பிறகு, நான் கேட்காமலே, அவள் கீழே இருந்த பாட்டின் முதல் வரியை மெல்லப் பாடினாள். பாட்டு ஒரே எழுத்தைப் பிடித்துக்கொண்டு சுரத்தின் மேலே ஏறி, இறங்கி, நின்று, மறுபடி ஏறியது. அது எங்கள் ராகம் எதுவும் இல்லை. ஆனால் அண்ணை மூச்சு எடுக்கிற மாதிரி ஒரு இடத்தில் அவளும் மூச்சு எடுத்தாள். நான் கமராவுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

அன்று பின்னேரம் அந்தப் பக்கத்தின் படத்தைப் போனில் மச்சாளுக்குக் காட்டினேன். வழக்குப் பேசப் போகிற அப்புக்காத்து மாதிரி ஆயத்தமாகப் போயிருந்தேன்.

"மச்சாள், இதைப் பாருங்கோ. பாடினாப் பிறகும் சாகாமல் இருந்திருக்கினம். அதுக்கெண்டே தனியாச் சட்டம் எழுதி வைச்சிருக்கினம். பாட்டு ஆரையும் கொண்டுபோகாது. அது துணைக்குப் பாடுறது."

மச்சாள் போனை வாங்கி, கிட்டப் பிடித்துப் பார்த்தார். "வடிவான எழுத்து," என்றார். பிறகு கேட்டார்: "இந்தச் சிஸ்டர்மார் எல்லாம் இப்ப எங்க?"

"என்ன மச்சாள், அறுநூறு வருசம்..."

"செத்துப்போச்சினம்தானே?"

"ஓம்."

"எல்லாரும்?"

"ஓம்."

போனை என்னிடம் திருப்பித் தந்தார். "பாத்தியே?" என்றார்.

வேறு நேரமென்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அப்போது அவரைப் பிடித்து உலுக்கவேண்டும் போல எனக்குக் கோபம் வந்தது. ஊரிலுள்ளவர்களுக்கெல்லாம் ஓடி ஓடிப் பாடிய மனிதர், ஒரு பாட்டில்லாமல் போகப்போகிறார். பாடத் தெரிந்தவள் பக்கத்தில் இருந்தும் போகப்போகிறார். இதை யாரிடம் போய்ச் சொல்வது? டொக்டரிடமா?

குழாயை எடுக்கிற நாள் குறித்தார்கள். மச்சாள் கடைசிவரை சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்று சொல்வதை நிறுத்தினார். அவ்வளவுதான். ஆனால் அதற்கு முந்தினநாள் ஆஸ்பத்திரி வாசலில் வைத்து என் கையால் தன் உள்ளங்கையில் அடிக்கச் சொன்னார். "பாட்டு இல்லை. சத்தியம் பண்ணு." பண்ணினேன். பண்ணாவிட்டால் என்னை அறைக்குள் விட்டிருக்கமாட்டார்.

குழாயை எடுத்தார்கள். அதிக நேரம் எடுக்காது என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் அண்ணை தானாக ஒரு மூச்சு எடுத்தார். பிறகு இன்னொன்று. மச்சாளின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். நடைபாதைக்கு ஓடிப்போய் மனோர் பார்க்கில் இருக்கிற எங்கள் பெரியம்மாவுக்குப் போன் எடுத்தார். "மனிசன் தானா மூச்சு எடுக்கிறார்! ஒருத்தரையும் பாட விடேல்லை, பாத்தியளே!" என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது, நேர்ஸுக்கும் கேட்டது. மலையாளியான அந்த நேர்ஸுக்குப் பாதித் தமிழாவது விளங்கியிருக்கும். அவள் நிலத்தைப் பார்த்தாள்.

மறுநாள் மூச்சு மாறத் தொடங்கியது. தொண்டைக்குள் ஏதோ கரகரத்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்ததுக்கும் இடையில் நீண்ட நேரம் ஒன்றும் இராது. நாங்கள் இருவரும் எழும்பி நிற்போம். பிறகு எங்கிருந்தோ இழுத்துப்பிடித்து அடுத்த மூச்சு வரும். ஊசி போட்டிருக்கிறோம், அவருக்கு நோவு தெரியாது என்று நேர்ஸ் சொன்னாள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. அவருடைய நெற்றி சுருங்குவதைக் கண்ணால் கண்டேன். சத்தியத்தை உடைத்துவிடலாம் என்று எத்தனையோ தரம் வாயைத் திறந்து மூடினேன். மாடிப்படியில் போய் இருந்து, ஜாக்கெட்டின் கையைக் கடித்துக்கொண்டு அழுதேன். கடவுளே, ஒன்றில் எழுப்பு, இல்லாவிட்டால் எடு என்று மன்றாடினேன். இரண்டும் நடக்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம் மச்சாள் எழும்பி அண்ணையின் தலைமாட்டுக்கு வந்தார். கையை அவருடைய கன்னத்தில் வைத்தார். "இஞ்சேருங்கோ, எனக்கு வேறை வழி தெரியேல்லை," என்று அவரிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"பாடு."

எத்தனை நாள் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தேன். ஆனால் அது வந்தபோது எனக்கு அது வேண்டாம் என்றிருந்தது. எனக்கு அது துணைக்குப் பாடுகிற பாட்டு. மச்சாளுக்கு அப்படியில்லை. அவருடைய நம்பிக்கையின்படி, அண்ணையைக் கொண்டுபோ என்று அவரே சொல்கிறார். நான் பாடி அண்ணை போனால், தன் வாயால்தான் போனார் என்று நினைத்தபடி இந்த மனுசி மிச்சக் காலம் முழுக்க இருக்கப்போகிறார்.

"மச்சாள், இந்தப் பாட்டு ஆளைக் கொண்டுபோகாது. அதை நம்பினாத்தான் நான் பாடுவன்."

"கதைக்காதை. மனிசன்ர வேதனையைப் பாக்க ஏலாது. பாடு."

நான் குனிந்து அண்ணையின் காதருகில் பாடத் தொடங்கினேன். குரல் என்னுடையதாக இல்லை, தகரம் மாதிரி இருந்தது. முதல் அடி முழுக்கச் சுருதி விலகிப் போனது. பிறகு, அண்ணை எங்கே மூச்சு எடுப்பாரோ அங்கே மூச்சு எடுத்தேன், எங்கே இழுப்பாரோ அங்கே இழுத்தேன், குரல் மெல்லத் தன் இடத்துக்கு வந்தது. அவருடைய நெற்றி விரிந்தது. அல்லது விரிந்ததென்று நினைத்துக்கொண்டேன். ஏதோ ஒரு அடியில் அவருடைய மூச்சு நின்றுவிட்டது. எந்த அடி என்று எனக்குத் தெரியாது. நேர்ஸ் வந்து என் தோளைத் தொட்டபோதும் பாடிக்கொண்டுதான் இருந்தேன்.

நிமிர்ந்து பார்த்தேன். மச்சாள் சுவரோடு ஒட்டி நின்று, தன் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தார்.

எரிக்கிற இடத்தில் சனம் நிரம்பி வழிந்தது. அண்ணை பாடி அனுப்பியவர்களின் பிள்ளைகள் எல்லோரும் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் மச்சாள் என்னைக் காட்டிக் கதறினார்: "இவள்தான் பாடினவள்! என்ர மனிசன் மூச்சு எடுத்துக்கொண்டுதான் இருந்தவர்!" பெண்கள் அவரை அணைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. நீங்கள்தானே பாடச் சொன்னீர்கள் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அவர் பாடச் சொன்னபோது அறையில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம், ஒருவர் இப்போது பெட்டிக்குள் கிடந்தார்.

திரும்ப வேலைக்குப் போனபோது புத்தகத்தில் கொஞ்சப் பக்கங்கள் மிச்சம் இருந்தன. உடலைத் தனியே விடக்கூடாது, குழிக்குப் போகும்வரை மாறி மாறிப் பாடவேண்டும் என்று ஒரு பக்கம் இருந்தது. கிட்டத்தட்ட ஒவ்வொரு சிவப்புக் கட்டளையிலும் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்ததால், அது என்னவென்று சிநேகிதியிடம் கேட்டேன். "எல்லோரும்" என்றாள். எல்லோரும் வரவும், எல்லோரும் நிற்கவும், எல்லோரும் பாடவும். தனியே ஒருத்தி பாடுகிற இடமே அங்கே அரிது.

அவர்கள் கெட்டிக்காரிகள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. முப்பது நாற்பது பேர் சேர்ந்து பாடினால், யாருடைய குரலில் உயிர் போனது என்று எவரும் கேட்கமுடியாது. ஒருத்தி பாடச் சொன்னாள், ஒருத்தி பாடினாள் என்று கணக்குப் பிரிக்கமுடியாது. எங்கள் அறையில் இரண்டு பேர். அந்தச் சுமை முழுவதையும் இரண்டு பேர் எப்படித் தூக்குவது?

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து, வீட்டில் எல்லோரும் சாப்பிட இருந்தோம். அந்தச் செத்தவீட்டுக்குப் பிறகு மச்சாள் என்னோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. எனக்குச் சோறு போட்டது மனோர் பார்க் பெரியம்மா. அவர் அகப்பையைப் பிடித்தபடியே எல்லோருக்கும் கேட்கக் கேட்டார்: "உண்மையைச் சொல்லு பிள்ளை. உன்னை ஆர் பாடச் சொன்னது?"

மச்சாள் குசினி வாசலில் தண்ணீர்ச் செம்போடு நின்றார். முகத்தில் இரத்தமே இல்லை. அவர் என்னை நேராகப் பார்த்தது அண்ணை போன பிறகு அப்போதுதான். ஆஸ்பத்திரியில் அவர் என்னிடம் கேட்ட எதையும்விட அந்தப் பார்வையில் கெஞ்சல் அதிகம் இருந்தது.

"ஒருத்தரும் சொல்லேல்லை," என்றேன். "மச்சாள் வேண்டாம் எண்டுதான் சொன்னவ. கையில அடிச்சுச் சத்தியமும் வாங்கினவ. நான்தான் கேக்கேல்லை."

பெரியம்மா அகப்பையைச் சட்டிக்குள் போட்டார். மச்சாள் செம்பை மேசையில் வைத்தார்.

"ஓம்," என்றார் மச்சாள். "சின்னனிலயிருந்தே இவள் சொல்வழி கேளாதவள்."

பிறகு ஒரு சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு வந்து, எனக்கு எதிரே இருந்து, சாப்பிடத் தொடங்கினார்.